பையர் மெயிலில் ‘டேக் நோட் ஆஃப்’: எங்கே போடுவது, எப்படிப் போடுவது? முழுமையான வழிகாட்டி

திருப்பூரிலோ கரூரிலோ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் (நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தார்) நம் உற்பத்திக்கும் நடுவில் ஆர்டரைப் பார்ப்பவராக, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட், டவல் ஆர்டர் பார்ப்பவர்களுக்கும் பொருந்தும். ‘டேக் நோட் ஆஃப்’, ‘ப்ளீஸ் நோட் தட்’, ‘நோட்டட்’ ஆகிய மூன்றும் இல்லாமல் பையர் மெயில் ஒருநாள்கூட ஓடாது. புதியவர்கள் இலக்கணத்தில் தடுமாறுவதைவிட எந்த இடத்துக்கு எது என்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். இலக்கணம் அதற்கு அப்புறம்தான்.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பையர் கடைசியாக அனுப்பிய டெக் பேக் (அளவு, துணி, தையல் விவரங்கள் அடங்கிய கோப்பு), அவருடைய கடைசி மெயில், ஸ்டைல் நம்பர் (டிசைனின் எண்), பி.ஓ. நம்பர் (பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது கொள்முதல் ஆணை எண்). இவை திரையில் திறந்திருக்க வேண்டும். டெக் பேக் ஒரே ஆர்டருக்குள் இரண்டு மூன்று தடவை மாறும். பழையதைத் திறந்து வைத்துக்கொண்டு ‘இதைக் கவனியுங்கள்’ என்று எழுதினால், பையர் புதியதை வைத்துக்கொண்டு எதைக் கவனிப்பது என்று தேடுவார்.

இன்னொன்றும் வேண்டும்: நம் பக்கத்து முடிவு. டையிங் யூனிட்டில் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்றா? புரொடக்‌ஷன் மேனேஜர் சரி சொல்லிவிட்டாரா? முடிவு இல்லாமல் எழுதும்போதுதான் ‘ப்ளீஸ் டேக் நோட் ஆஃப் தி சேம்’ என்று மொட்டையாக முடிக்கத் தோன்றும். இந்தத் தொடருக்கு வேலையே வேறொன்றைச் சுட்டிக்காட்டுவதுதான். சுட்டிக்காட்டப்படும் பொருள் நமக்கே தெளிவில்லை என்றால் படிப்பவருக்கு எப்படித் தெளியும்?

2. படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இதுதான் எல்லாப் படிகளிலும் முக்கியமானது. பாதித் தவறுகள் இங்கே பிறக்கின்றன.

நம் ஆபீஸில் ‘நோட் பண்ணிக்கோங்க’ என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்லவும் அதுதான், நம்பரை எழுதிக்கொள்ளச் சொல்லவும் அதுதான், ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லவும் அதுதான். எதிரில் இருப்பவர் நம் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனித் தொடர்கள் உண்டு. எனவே எழுதுவதற்கு முன் மனதுக்குள் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் இதைக் கவனிக்க வேண்டுமா, குறித்துக்கொள்ள வேண்டுமா, நினைவில் வைத்துக்கொண்டு பிறகு முடிவெடுக்க வேண்டுமா?

கவனிக்க வேண்டும் என்றால் ‘டேக் நோட் ஆஃப்’. கண்ணில் படாமல் போகக்கூடிய ஒன்றின் மேல் பார்வையைத் திருப்பி, மனதில் ஏற்றிக்கொள்ளச் சொல்வது. ‘ப்ளீஸ் டேக் நோட் ஆஃப் தி நெக் ரிப் இன் தி செகண்ட் சாம்பிள்.’ இரண்டாவது சாம்பிளில் கழுத்து ரிப்பை (கழுத்தைச் சுற்றி வரும் பட்டியை) கவனியுங்கள் என்று பொருள். பேனாவை எடுக்கச் சொல்லவில்லை.

எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் ‘மேக் எ நோட் ஆஃப்’. கூரியர் டிராக்கிங் நம்பர், வீடியோ மீட்டிங் நேரம், இன்ஸ்பெக்‌ஷன் தேதி போன்றவை இதற்குள் வரும். மனதில் நிற்காத, பார்த்து எழுத வேண்டிய விவரங்கள் இவை. ‘நோட் டவுன்’ என்பதும் இதே பொருள்தான், கொஞ்சம் பேச்சு வழக்கு.

நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும் என்றால் ‘கீப் இன் மைண்ட்’. தீபாவளிக்கு வெளியூர் ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்பி, தையல் லைன் பழையபடி ஓட நாளாகும். பையர் டெலிவரி தேதி போடும்போது இதை நினைக்க வேண்டும். ‘ப்ளீஸ் கீப் தி தீபாவளி ஹாலிடேஸ் இன் மைண்ட் வென் யூ ஃபிக்ஸ் தி டெலிவரி டேட்’ என்று எழுதலாம். இங்கே ‘டேக் நோட் ஆஃப்’ போட்டால் விடுமுறை இருக்கிறது என்று தெரிந்துகொள்வார், அவ்வளவுதான். தேதி போடும்போது அது அவர் நினைவுக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை அதில் இல்லை. ‘பேர் இன் மைண்ட்’ என்பதும் இதுவே, கொஞ்சம் விறைப்பான நடை. அந்த ‘பேர்’ சொல்லின் எழுத்துகள் பி, இ, ஏ, ஆர். கரடிக்கும் அதே எழுத்துகள்தான் என்பதால் பலர் சந்தேகப்பட்டு மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டாம்.

நான்காவதாக ஒன்று மிச்சம் இருக்கிறது. பையர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, தகவல் மட்டும்தான் என்றால் ‘ப்ளீஸ் நோட் தட்’ போதும். ‘ப்ளீஸ் நோட் தட் த சாம்பிள்ஸ் வேர் சென்ட் டுடே.’ இதற்குமேல் கனம் தேவையில்லை. சாதாரணத் தகவலுக்கெல்லாம் ‘டேக் நோட் ஆஃப்’ போட்டுப் பழகினால், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய விஷயம் வரும்போது அந்தத் தொடருக்கு வலு இருக்காது.

3. வாக்கியத்தை அமைப்பது

‘டேக் நோட் ஆஃப்’ என்பதில் ‘நோட்’டுக்கு முன்னால் ‘எ’ வராது, பின்னால் ‘எஸ்’ வராது. ‘எஸ்’ சேர்த்து ‘டேக் நோட்ஸ்’ என்றால் மீட்டிங்கிலோ வகுப்பிலோ கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது. ‘எ’ சேர்த்து ‘டேக் எ நோட் ஆஃப்’ என்றால் எழுதிக்கொள்வது. பிரிட்டிஷ்காரர்கள் அப்படிச் சொல்வதுண்டு. ஆக, ஒரே ஓர் எழுத்து வேலையையே மாற்றிவிடுகிறது.

‘ஆஃப்’புக்குப் பிறகு பெயர்ச்சொல்தான் வர வேண்டும்: தி சேஞ்ச், தி கமென்ட்ஸ், தி நியூ டேட். முழு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தால் ‘ஆஃப்’பை எடுத்துவிட்டு ‘தட்’ போடுங்கள்: ‘ப்ளீஸ் டேக் நோட் தட் தி கேர் லேபிள் ஹேஸ் சேஞ்ச்டு.’ ‘ஆஃப் தட்’ என்று இரண்டையும் சேர்த்து வாக்கியத்தைத் தொடர்வது தவறு. ‘ஆஃப்’ வைத்தே ஆக வேண்டும் என்றால் ‘ஆஃப் தி ஃபேக்ட் தட்’ என்று நீட்ட வேண்டிவரும். அந்த நீளத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

‘நோட்’ ஒற்றையாக வினைச்சொல்லாக வந்தாலும் ‘ஆஃப்’ கிடையாது. ‘ப்ளீஸ் நோட் தி சேஞ்ச்’ சரி. ‘ப்ளீஸ் நோட் ஆஃப் தி சேஞ்ச்’ தவறு.

கடந்த காலத்துக்கு ‘டுக் நோட் ஆஃப்’. பையர் சொன்னதை உள்வாங்கிவிட்டோம் என்று இப்போது சொல்ல வேண்டுமானால் ‘வி ஹாவ் டேக்கன் நோட் ஆஃப் யுவர் கமென்ட்ஸ்’. ‘வி ஆர் டேக்கிங் நோட் ஆஃப்’ என்று இழுத்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று தொனிக்கும்.

‘ஆஃப்’பில் ஒற்றை எஃப்தான். இரட்டை எஃப் போட்டால் அது வேறு சொல். அதுவும் அகராதியில் இருக்கும் சொல்தான் என்பதால் சாதாரண ஸ்பெல்செக் அடிக்கோடு போடாமலே விட்டுவிடக்கூடும். கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

4. யாருக்கு எழுதுகிறீர்கள்?

தமிழில் ‘கவனத்தில் கொள்ளவும்’ என்று எழுதும்போது அந்த ‘-வும்’ விகுதியிலேயே மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் வெறும் ‘டேக் நோட்’ என்றால் கட்டளை. பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளிடம் சொல்வது போலக் கேட்கும். எனவே பையருக்கு எழுதும்போது ‘ப்ளீஸ்’ இல்லாமல் இதை எழுதவே கூடாது.

‘கைண்ட்லி’ பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். தவறில்லை. ஆனால் ஒரே மெயிலில் ‘கைண்ட்லி நோட்’, ‘கைண்ட்லி கன்ஃபர்ம்’, ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்று வரிசையாக வந்தால் பழைய அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கும். ‘ப்ளீஸ்’ ஒன்றே போதும். ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி பையர்களுக்கும் ஆங்கிலம் நம்மைப் போலவே படித்து வந்த மொழிதான். எளிய சொல்லைத்தான் அவர்களும் விரும்புவார்கள்.

பையருடைய மேலதிகாரியும் மெயில் காப்பியில் (சி.சி.யில்) இருந்தால் ‘டேக் நோட் ஆஃப்’பை இன்னும் குறையுங்கள். அவருடைய ஆளின் தவறைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும். ‘வி வுட் லைக் டு டிரா யுவர் அட்டென்ஷன் டு’ என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் அந்த இடத்தில் கை கொடுக்கும்.

5. சுட்டிக்காட்டும் பொருளை முழுதாக எழுதுங்கள்

எது, எங்கே இருக்கிறது, முன்பு என்ன, இப்போது என்ன, அவர் எதற்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த ஐந்தும் இல்லாத ‘டேக் நோட் ஆஃப்’ பாதி மெயில்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். டெக் பேக்கில் சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட் துணி) 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று இருக்கிறது. பையர் 5 சதவீதம் கூடுதல் குறைச்சலை ஏற்பவர் என்றால் 152-இலிருந்து 168 வரை சரி. காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) முடிந்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் 170 வந்துவிட்டது. புதியவர் எழுதுவது இப்படி இருக்கும்: ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு தி டெஸ்ட் ரிப்போர்ட் அண்ட் டேக் நோட் ஆஃப் தி சேம்.’ பையர் ரிப்போர்ட்டைத் திறக்காமலே விட்டுவிட வாய்ப்பு உண்டு. திறந்தாலும் அதில் எந்த எண்ணைப் பார்ப்பது?

இப்படி எழுதுங்கள்: ‘ப்ளீஸ் டேக் நோட் ஆஃப் தி ஜி.எஸ்.எம். ஆன் பேஜ் 2 ஆஃப் தி அட்டாச்டு ரிப்போர்ட். இட் இஸ் 170. தி டெக் பேக் ஸேஸ் 160. ப்ளீஸ் கன்ஃபர்ம் பை 12 மார்ச் இஃப் வி மே ப்ரொசீட் வித் கட்டிங்.’ நான்கே சிறிய வாக்கியங்கள். பக்கம், இரண்டு எண்கள், தேதி, கேட்கும் அனுமதி எல்லாம் வந்துவிட்டன. துணி கட்டிங் டேபிளுக்குப் போவதற்கு முன் பதில் வாங்குவதுதான் இந்த மெயிலின் நோக்கம். வெட்டிய பிறகு ஜி.எஸ்.எம். பற்றிப் பேசிப் பயனில்லை.

தேதியை எண்களால் மட்டும் எழுதாதீர்கள். 05/06 என்றால் ஐரோப்பியர் ஜூன் 5 என்று படிப்பார், அமெரிக்கர் மே 6 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

நிறம் பற்றி எழுதும்போது பேன்டோன் (நிறங்களுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) எண்ணோடு அதன் கடைசி எழுத்துகளையும் சேர்த்து எழுதுங்கள். டி.சி.எக்ஸ். என்பது பருத்தித் துணியில் போட்ட நிறம், டி.பி.ஜி. என்பது தாளில் அச்சிட்டது. ‘ப்ளீஸ் டேக் நோட் ஆஃப் தி கலர்’ என்று மட்டும் எழுதினால் அவர் எதை வைத்து ஒப்பிடுவார்? லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமிட்ட சிறு துணித் துண்டு) அனுப்பும்போதும் அப்படித்தான். ஏ, பி, சி என்று மூன்று அனுப்பியிருந்தால் எதைக் கவனிக்கச் சொல்கிறீர்கள் என்று எழுத்தைக் குறிப்பிடுங்கள்.

ஒரு மெயிலில் இந்தத் தொடர் ஒரு தடவைக்குமேல் வர வேண்டாம். கவனிக்க வேண்டியது மூன்று இருந்தால் ‘ப்ளீஸ் டேக் நோட் ஆஃப் தி ஃபாலோயிங் பாயின்ட்ஸ்’ என்று ஒருமுறை எழுதி, கீழே 1, 2, 3 என்று போடுங்கள். பையரும் அதே எண்களில் பதில் எழுதுவார்.

6. பதில் எழுதும்போது: ‘நோட்டட்’ எனும் பள்ளம்

புதியவர்களை அதிகம் சிக்கவைப்பது இந்த ஒற்றைச் சொல். பையரிடமிருந்து பத்துக் குறிப்புகள் வரும். இங்கிருந்து ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’ என்று உடனே போய்விடும். பதில் போட்டாயிற்று என்ற நிம்மதி. உண்மையில் பதில் போகவில்லை.

நம் ஊர்ப் பேச்சில் ‘சரிங்க’ என்பதைக் காதில் விழுந்தது என்பதற்கும் சொல்வோம், சம்மதம் என்பதற்கும் சொல்வோம். ‘நோட்டட்’டும் அப்படியே. அகராதிப்படி ‘பார்த்துவிட்டேன், தெரிந்துகொண்டேன்’ என்பதுதான் அதன் பொருள். ஆனால் வியாபாரத்தில் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பையர்கள் உண்டு. ‘அவர் டார்கெட் பிரைஸ் இஸ் 2.80’ என்று அவர் எழுதி, நாம் ‘நோட்டட்’ என்று முடித்துவிட்டால், அடுத்த மெயிலில் 2.80-க்கு பி.ஓ. வந்து நிற்கும். விலை, டெலிவரி தேதி, டிஸ்கவுண்ட், கிளெய்ம் (குறைக்காகப் பையர் கேட்கும் ஈடு) ஆகிய நான்கிலும் தனியாக ‘நோட்டட்’ போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விலைக்கு: ‘வி ஹாவ் நோட்டட் யுவர் டார்கெட் பிரைஸ். வி வில் செக் அவர் காஸ்டிங் அண்ட் ரிவெர்ட்’ என்று எழுதுவார்கள். இதில் ‘ரிவெர்ட்’ வேண்டாம். பதில் எழுதுகிறேன் என்ற பொருளில் அது இந்தியாவில் புழங்குகிறது. மேலை நாட்டில் பலருக்கு அது ‘பழைய நிலைக்குத் திரும்புவது’. ‘கெட் பேக் டு யூ’ என்று எழுதுங்கள்.

சாம்பிள் கமென்ட்டுக்கு: ‘நோட்டட்’ என்று தொடங்கி, என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சேருங்கள். ‘நோட்டட். வி வில் கரெக்ட் தி ஸ்லீவ் லெங்த் இன் தி பி.பி. சாம்பிள்.’ எந்த சாம்பிளில் திருத்தம் வரும் என்று சொல்வது முக்கியம். சைஸ் செட்டிலா (எல்லா அளவிலும் தைக்கும் சாம்பிள்) பி.பி.யிலா (உற்பத்திக்கு முந்தைய சாம்பிள்) என்று தெரியாவிட்டால் அவர் அடுத்து வரும் சாம்பிளிலேயே எதிர்பார்ப்பார்.

ஒப்புக்கொள்ள முடியாதபோது: ‘வி ஹாவ் டேக்கன் நோட் ஆஃப் யுவர் ரிக்வெஸ்ட். ஹவெவர்,’ என்று தொடங்கிக் காரணத்தைச் சொல்லுங்கள். கேட்டதை மதித்தோம், முடியாததையும் சொன்னோம்.

‘ட்யூலி நோட்டட்’ என்பதைத் தவிர்த்துவிடலாம். சில இடங்களில் அது ‘கேட்டுக்கொண்டேன், ஆனால் ஒன்றும் செய்யப்போவதில்லை’ என்ற தொனியில் வரும்.

வெறும் தகவலுக்கு மட்டும் ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’ போதுமானது. பையர் லீவில் போகிறார், அவருக்குப் பதில் இன்னொருவர் பார்ப்பார் என்பது போன்றவற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை.

7. வீடியோ காலில் பேசும்போது

பேச்சில் ‘ஆஃப்’பை அழுத்தக் கூடாது. அது கிட்டத்தட்ட ‘அவ்’ என்று மெல்ல ஒலித்துப் போய்விடும். அழுத்தம் ‘நோட்’டின் மேல். எதிரில் இருப்பவர் நம்பர் சொன்னால் ‘லெட் மீ மேக் எ நோட் ஆஃப் தட்’ என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். நீங்கள் எழுதுகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் வேகத்தைக் குறைப்பார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள்.

8. அடிக்கடி வரும் தவறுகள்

‘ப்ளீஸ் பி நோட்டட் தட்’. இது ‘ப்ளீஸ் பி இன்ஃபார்ம்டு தட்’ என்பதையும் ‘ப்ளீஸ் நோட் தட்’ என்பதையும் போட்டுக் கலக்கியதால் வந்தது. ‘நீங்கள் குறிக்கப்படுங்கள்’ என்று ஆகிவிடும். ‘ப்ளீஸ் நோட் தட்’ மட்டுமே சரி.

‘டேக் நோட் ஆன்’, ‘டேக் நோட் அபவுட்’. இரண்டும் இல்லை. ‘ஆஃப்’தான்.

‘டேக் நோட்டீஸ் ஆஃப்’. இது தவறான ஆங்கிலம் இல்லை, ஆனால் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். ‘டேக் நோ நோட்டீஸ் ஆஃப்’ என்றால் பொருட்படுத்தாமல் விடு என்று பொருள். வியாபார மெயிலில் ‘நோட்’டோடு நின்றுகொள்வது பாதுகாப்பு.

‘ப்ளீஸ் ரிமெம்பர் மீ டு சென்ட்’. நினைவூட்டுங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இது வந்துவிடுகிறது. நாமே நினைவில் வைத்துக்கொள்வது ‘ரிமெம்பர்’. அடுத்தவர் நமக்கு நினைவூட்டுவது ‘ரிமைண்ட்’. ‘ப்ளீஸ் ரிமைண்ட் மீ’ என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒரு பெரிய எச்சரிக்கை. ‘ப்ளீஸ் மேக் எ நோட் ஆஃப் அவர் நியூ பேங்க் அக்கவுண்ட்’ என்ற மாதிரி வாக்கியத்தோடு வரும் மெயில்களைத் திருடர்கள் அனுப்புவது உலகம் முழுக்க நடக்கிறது. சப்ளையரின் மெயிலைப் போலவே போலி முகவரியிலிருந்து எழுதி, பணத்தை வேறு கணக்குக்குத் திருப்புவார்கள். நமக்கு அப்படி வந்தால், ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் போன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. நம் கணக்கு உண்மையிலேயே மாறினால், பையருக்கு மெயிலோடு போனிலும் சொல்லுங்கள்.

9. அனுப்பும் முன், அனுப்பிய பின்

அனுப்பும் முன் ‘டேக் நோட் ஆஃப்’ வரும் வாக்கியத்தை மட்டும் தனியாகப் படியுங்கள். அந்த ஒரு வாக்கியத்தையும் அதற்கு அடுத்ததையும் வைத்தே பையர் பதில் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள். சப்ஜெக்ட் வரியில் ஸ்டைல் நம்பர் இருக்கிறதா, அட்டாச்மென்ட் உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பையரின் மெயிலை அப்படியே நிட்டிங், டையிங், பிரின்டிங் யூனிட்டுகளுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு, மேலே ‘ப்ளீஸ் டேக் நோட்’ என்று எழுதும் பழக்கம் பல ஆபீஸ்களில் இருக்கிறது. இதை விட்டுவிடுங்கள். அங்கே மெயிலைப் பார்ப்பவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர். கட்டிங் மாஸ்டர் கைக்குப் போக வேண்டியது தமிழில் ஒரே வரிதான்: ‘ஸ்டைல் 4471, எம் சைஸ், கை நீளம் 20.5 இல்லை, 21.5 செ.மீ.’

அதை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு நிறுத்தாமல் போனிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ‘நோட் பண்ணிட்டனுங்க’ என்று பதில் வந்தால், ‘எத்தனைங்கண்ணா எழுதியிருக்கீங்க?’ என்று எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 21.5 என்று அவர் வாயால் வந்த பிறகு, நேரத்தை ஆர்டர் ஃபைலில் குறித்துவிட்டு அடுத்த மெயிலைத் திறக்கலாம்.